கலங்கிய தடாகமும் தெளிந்த நீரும்

தண்ணீர் தன்னியல்பிலே தெளிந்த பொருள். கலக்கமும் நிறமும் நாற்றமும் அதற்குப் புறத்திலிருந்து வந்து சேர்வன. ஆதலின், கலங்கிய நீரைத் தெளிவிக்க விரும்புவோன் முதற்கண் வினாவ வேண்டியது, "இதனுள் எதனை இடுவோம்?" என்பதன்று, "இதனுள் வந்து சேர்ந்தது யாது?" என்பதேயாம். எளிதாகத் தோன்றும் இவ்வினாவை வினாவாது விட்டமையாற் பொருளையும் காலத்தையும் இழந்தோர் பலர். வீட்டு நீச்சற்றடாகத்தின் நீர் பசுமையுற்றுக் கலங்குதற்குரிய காரணங்களையும், அதனைத் தெளிவிக்கும் முறையையும், கீழ்வகுப்பு மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்கவாறு இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருள் ஒரு கல்லூரி மலருக்கு ஏற்றதோவெனச் சிலர் ஐயுறக்கூடும். எமது பழைய மாணவருட் பலர் இன்று அவுத்திரேலியா, கனடா முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களுட் சிலரின் வீட்டுப் பின்புறத்தே நீச்சற்றடாகம் உண்டு. எமது குடாநாட்டிலும் விருந்தினர் விடுதிகளிலும் சில இல்லங்களிலும் தடாகங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அஃதன்றியும், வகுப்பிலே நாம் கற்ற அமிலம், காரம், அயன், வடித்தல் என்னும் பாடங்களெல்லாம் ஒருங்கே வந்து கூடும் இடம் இத்தடாகத்தைப்போல் வேறொன்று காண்டல் அரிது.

கீரிமலைக் கேணியில் நீராடியோர் அதன் தெளிவை அறிவர். அங்கே எவரும் மருந்து இடுவதில்லை. நிலத்தின் கீழிருந்து ஊற்றுநீர் இடையறாது வந்துகொண்டிருக்க, பழைய நீர் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றது. வரவும் செலவும் ஒத்திருத்தலே அந்நீரின் தூய்மைக்குக் காரணம். வீட்டுத் தடாகத்திலோ இவ்விரண்டும் இல்லை. ஒருமுறை நிரப்பிய நீரே பல ஆண்டுகள் நிற்கின்றது. இயற்கை அங்கே செய்யாத தொழிலைப் பம்பியும் வடியும் குளோரீனும் செய்தல் வேண்டும். இம்மூன்றுள் ஒன்று தளரினும் நீர் பழுதுறும்.

எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவர், நெடுங்காலம் பிறநாட்டில் வாழ்ந்து ஊர் திரும்பியபின், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக வீட்டு வளவில் ஒரு தடாகம் கட்டுவித்தார். அதன் நீளம் 8 மீற்றர். அகலம் 4 மீற்றர். ஆழம் ஒரு புறம் 1 மீற்றரும் மறுபுறம் 2 மீற்றருமாம். சராசரி ஆழத்தை 1½ மீற்றராகக் கொண்டால், அதன் கொள்ளளவு 48 கனமீற்றர், அஃதாவது 48,000 இலீற்றர். வளவுக் கிணற்று நீராலே அதனை நிரப்பினார். மூன்று மாதத்தில் நீர் பச்சை நிறமாயிற்று. ஒருவர் சொற்கேட்டுப் படிகாரம் இட்டார், பயனில்லை. வேறொருவர் சொற்கேட்டுச் செம்பு கலந்த பாசிக்கொல்லி வாங்கி ஊற்றினார். சுவரிற் கறை படிந்ததேயன்றி நீர் தெளியவில்லை. நாடோறுங் காலையிற் குளோரீன்மணிகள் ஒரு கையளவு தூவினார், அதனாலும் பயனில்லை. பிள்ளைகள் வருதற்குப் பத்து நாள்களே எஞ்சியிருந்த நிலையில் எம்மை அழைத்தார்.

யாம் சென்று முதலிற் செய்தது ஒரு சிறு சோதனையே. வெள்ளைப் பீங்கான் தட்டொன்றைக் கயிற்றிற் கட்டி நீரினுள் இறக்கினோம். முழங்கையளவு ஆழத்திலேயே அது மறைந்துவிட்டது. "தெளியுமுன் ஒருவரும் இதில் இறங்கலாகாது" என்பதே யாம் கூறிய முதன்மொழி. பிள்ளைகள் கரையோரத்திலாவது விளையாடட்டுமே என்றார் நண்பர். அதற்கும் யாம் உடன்படவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

பாசியின் வளர்ச்சி

நீரைப் பசுமையாக்குவது, நுண்ணிய பச்சை அல்காக்களின் கூட்டமாகும். இவற்றின் ஒரு கலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அல்லது அதனினுஞ் சிறியது. காற்று, மழை, இலை, பறவை, நீராடுவோர் உடை என்பவற்றின் வழியாக இவற்றின் வித்திகள் தடாகத்தை எப்பொழுதும் வந்தடைந்துகொண்டேயிருக்கும். அவற்றை வராது தடுத்தல் இயலாது. வந்தவற்றைப் பெருகாது தடுத்தலே இயலும்.

சூரியவொளி, காபனீரொட்சைட்டு, நைத்திரேற்று, பொசுபேற்று, வெப்பம் என்பன கூடியவிடத்து அல்கா பெருகும். எமது குடாநாட்டிலே வெப்பத்துக்கும் ஒளிக்கும் குறைவில்லை. தோட்டங்களுக்கு இடும் உரத்தினின்றும், மலக்குழிகளினின்றும் கசிந்து, சுண்ணக்கல் வழியே நிலத்தடி நீரைச் சேரும் நைத்திரேற்றுப் பல கிணறுகளில் மிகுந்துள்ளமை ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆகவே அக்கிணற்று நீரால் தடாகத்தை நிரப்புவோர், பாசிக்கு வேண்டிய உணவையும் கூடவே இட்டு நிரப்புகின்றனர் எனலாம்.

பாசி இருமடங்காய்ப் பெருகும் இயல்பினது. நாளொன்றுக்கு ஒருமுறை அது இரட்டிப்பதாகக் கொள்வோம். ஒரு பங்கு பத்து நாளில் 1,024 பங்காகும். ஐந்தாம் நாளில் அது 32 பங்கே, கண்ணுக்குப் புலப்படாது. பத்தாம் நாளிலே நீர் முழுவதும் பச்சையாய்த் தோன்றும். "ஓரிரவிலே நீர் கெட்டுவிட்டது" என்று வீட்டார் வியப்பர். அது அவ்விரவிற் கெட்டதன்று. அவ்விரவிலே கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

பச்சை நிறமெல்லாம் பாசியென்றும் எண்ணலாகாது. நீர் பச்சையாயிருந்தும் அடித்தளம் தெளிவாகத் தெரியுமாயின், அது பெரும்பாலுங் கரைந்த செம்பின் நிறமாகும். குளோரீன் இட்டவுடன் நீர் கபில நிறம் அடையுமாயின், கிணற்று நீரிலே இரும்பு உண்டென ஐயுறல் வேண்டும். பால்போல் வெண்மையாய்க் கலங்குமாயின், கல்சியங் காபனேற்று வீழ்படிவாகியிருத்தல் கூடும். சுண்ணக்கல் நிலத்தின் வன்னீரிலே காரத்தன்மை மிகும்பொழுது இவ்வீழ்படிவு எளிதில் உண்டாகும். கலக்கமொன்றே; காரணம் பல.

குளோரீனின் தொழில்

குளோரீன் வாயுவை 1774 இற் சுவீடன் நாட்டு இரசாயனர் சீலே என்பவர் பிரித்தெடுத்தார். அது ஒரு மூலகமே எனத் துணிந்து 1810 இல் அதற்குப் பெயரிட்டவர் ஆங்கிலேயராகிய டேவி. வெளிறிய பச்சை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அப்பெயருக்கு மூலம். இலையின் பச்சையத்தைக் குறிக்கும் குளோரபில் என்னுஞ் சொல்லும் அம்மூலத்தினின்றே பிறந்தது. பச்சையைப் போக்கும் பொருளும் பச்சைப் பொருளும் ஒரே வேர்ச்சொல்லைப் பகிர்ந்துகொண்டமை மாணவர் நினைவில் வைத்தற்கு உதவும். 1908 இல் அமெரிக்காவின் யேர்சி நகரிலே குடிநீருக்கு இடையறாது குளோரீன் சேர்க்கும் முறை தொடங்கியது. அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவி எண்ணிறந்த உயிர்களைக் காத்தது.

தடாகத்திலே நாம் இடுவது வாயுவன்று. சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலையோ, கல்சியம் ஐப்போகுளோரைற்று மணிகளையோ இடுகின்றோம். இவை நீரிற் கரைந்து ஐப்போகுளோரசமிலத்தையும் ஐப்போகுளோரைற்று அயனையும் தருவன. கிருமியையும் பாசியையும் விரைந்து கொல்லும் வலிமை முன்னதற்கே உண்டு. பின்னதன் வலிமை மிகக் குறைந்தது. இவ்விரண்டும் எவ்வெவ்வளவில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் பீ.எச். பெறுமானமாகும். பீ.எச். 7.5 ஆயின் இரண்டும் ஏறக்குறையச் சமமாயிருக்கும். 7.2 ஆயின் மூன்றில் இரண்டு பங்கு ஐப்போகுளோரசமிலம். 8.2 ஆயின் ஆறிலொரு பங்கே எஞ்சும். எம் நண்பரின் தடாகத்திலே பீ.எச். 8.2 ஆயிருந்தது. அவர் இட்ட குளோரீனிற் பெரும்பங்கு வாளுறையாய் இருந்ததேயன்றி வாளாய் இருக்கவில்லை.

மற்றொரு பகை சூரியன். வெயிலிலுள்ள புறவூதாக் கதிர் குளோரீனைச் சிதைக்கும். பாதுகாப்பற்ற நீரிலே, கொளுத்தும் வெயிலில், ஒரு மணித்தியாலத்துள் அதன் பாதியேனும் அழிந்துபோம். காலையில் இட்ட குளோரீன் நண்பகலுக்கு முன்னரே தீர்ந்துவிட, எஞ்சிய பகல் முழுதும் பாசி தடையின்றிப் பெருகும். இதனைத் தடுத்தற்குச் சயனூரிக்கமிலம் என்னும் நிலைப்படுத்தி பயன்படும். இலீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். இதுவும் மிகின் தீங்கே. 100 மில்லிகிராமைக் கடக்குமாயின் குளோரீனை அது வெயிலினின்று காத்தலோடு நில்லாது, பாசியின்மேற் செல்லாதவாறு பிணித்தும் வைக்கும். நிலைப்படுத்தி கலந்த குளோரீன் வில்லைகளையே ஆண்டு முழுதும் இடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வில்லையிலுள்ள குளோரீன் செலவாகும். சயனூரிக்கமிலமோ செலவாகாது நீரிலே சேர்ந்துகொண்டே போம்.

மருந்தோடு மருந்து பகைத்தல்

பாசியைக் கண்டவுடன் கைக்கு வந்த மருந்தையெல்லாம் ஊற்றுதலின் தீமைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2016 ஆம் ஆண்டு பிறேசில் நாட்டு ரியோ நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றபொழுது, ஓகத்து 9 ஆம் நாளன்று, நீரிற் பாயும் போட்டிக்குரிய தடாகம் பச்சையாய்த் தோன்றிற்று. அடுத்திருந்த தடாகமும் பின்னர் அவ்வாறாயிற்று. காரணம் ஆராய்ந்தபோது, ஓகத்து 5 ஆம் நாளன்று 80 இலீற்றர் ஐதரசன் பரவொட்சைட்டுத் தவறாக நீரில் விடப்பட்டமை வெளிப்பட்டது. ஐதரசன் பரவொட்சைட்டும் கிருமிகொல்லியே, குளோரீனும் கிருமிகொல்லியே. ஆயினும் இரண்டும் கூடியவழி ஒன்றையொன்று அழித்து, உப்பும் நீரும் ஒட்சிசனுமாய் முடிவன. காவலின்றிக் கிடந்த நீரிலே பாசி பெருகிற்று. தாளத்துக்கிசைந்த நீச்சற்போட்டிக்குரிய தடாகத்தின் நீர் முழுவதும் இறைக்கப்பட்டு, அயலிலிருந்த பயிற்சித் தடாகத்து நீரால் அது மீள நிரப்பப்பட்டது. உலகின் கண்கள் நோக்கியிருந்த இடத்திலேயே இவ்வாறு நிகழ்ந்ததாயின், வீட்டுத் தடாகத்தைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

மருந்துகளை நீரிற் சேர்க்கும்பொழுது வரும் பகையினும், நீரிற் சேர்க்குமுன் அவை கலத்தலால் வரும் கேடு பெரிது. அமிலமும் ஐப்போகுளோரைற்றும் நேரே சேருமாயின் நச்சுக் குளோரீன் வாயு வெளிவரும். 1915 இல் ஈப்பர் போர்க்களத்திலே படையாகப் பயன்பட்ட வாயு இதுவே. கல்சியம் ஐப்போகுளோரைற்று மணிகளும் நிலைப்படுத்திய குளோரீன் வில்லைகளும் ஒரே கலத்திற் கலக்குமாயின் தீப்பற்றவும் வெடிக்கவுங் கூடும். ஆகவே ஒவ்வொன்றுக்குந் தனி அகப்பை, தனி வாளி, தனி இடம் வேண்டும். மருந்தை நீரினுள் இடுக. மருந்தின்மேல் நீரை ஊற்றற்க. இவ்விதியைப் பரிசோதனைச் சாலையிற் கேட்டுக் கைவிட்டோர் வீட்டிலேனுங் கைக்கொள்வாராக.

யாம் கைக்கொண்ட முறை

முதலாவது, வலையால் இலைகளையும் சேற்றையும் அகற்றினோம். மக்கும் இலை குளோரீனை வீணே உண்ணும்.

இரண்டாவது, அளந்தோம். குளோரீன் பூச்சியம், பீ.எச். 8.2, நிலைப்படுத்தி இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. குளோரீனைக் காட்டும் செந்நிறத் துளிச்சோதனை, குளோரீன் மிக அதிகமாயுள்ளவிடத்து வெளுத்து, ஒன்றுமில்லாததுபோற் காட்டும். ஐயமுள்ளவிடத்து நீரை ஐந்து மடங்கு தூய நீராற் பெருக்கி மீளச் சோதித்தல் வேண்டும். பீ.எச். சோதனையிற் பயன்படும் பினோற்சிவப்பும் குளோரீன் மிக்கவிடத்துப் பொய் கூறும். ஆதலின் பீ.எச். பெறுமானத்தை முன்னரே அளந்து திருத்திக்கொள்ளல் நன்று.

மூன்றாவது, பம்பி ஓடிக்கொண்டிருக்க, ஐதரோகுளோரிக்கமிலத்தை அரை இலீற்றர் அரை இலீற்றராக, ஆழமான பகுதியிற் பரவலாய் ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலங் காத்திருந்து அளந்து, பீ.எச். 7.2 ஆகுமளவும் கொணர்ந்தோம். வன்னீருக்கு அமிலம் எவ்வளவு வேண்டுமென்பதை முன்கூட்டிக் கூறல் அரிது. ஆகவே சிறிது சிறிதாகச் சேர்த்தலே அறிவுடைமை. பின்பு சயனூரிக்கமிலம் 1½ கிலோகிராமளவைத் துணியிற் பொதிந்து, நீர் திரும்பி வரும் குழாய்வாயின் முன் தொங்கவிட்டோம். அது முற்றக் கரையச் சில நாள் செல்லும்.

நான்காவது, குளோரீன். இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் எனில் 48,000 இலீற்றருக்கு 48 கிராம் வேண்டும். பாசியைக் கொல்ல நாம் குறித்த அளவு 12 மில்லிகிராம். ஆகவே 576 கிராம். கரைசலின் ஓர் இலீற்றரில் 100 கிராம் குளோரீன் உண்டெனின், 5¾ இலீற்றர் போதும். நீரிலே சுண்ணம் ஏற்கெனவே மிகுந்திருந்தமையாற் கல்சிய மணிகளை விடுத்துச் சோடியக் கரைசலையே தேர்ந்தோம். சூரியன் மறைந்தபின் அதனை ஊற்றி, சுவரையும் தரையையும் தும்புத்தூரிகையாற் தேய்த்தோம். பாசி வழுவழுப்பான போர்வைக்குள் ஒளிந்திருக்கும். தேய்த்தாலன்றிக் குளோரீன் அதனைச் சென்றடையாது.

மறுநாள் விடியலில் அளந்தபோது 12 என்பது 3 ஆகியிருந்தது. நண்பர் மனந்தளர்ந்தார். யாமோ மகிழ்ந்தோம், குளோரீன் குறைந்தமை அது தொழில் செய்தமைக்குச் சான்று. குறைந்த அளவை மீளச் சேர்த்து, பகலில் மும்முறை அளந்து, 12 என்னும் அளவிலேயே நிற்குமாறு காத்தோம். பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்தேதான். ஒருநாள் மிகுதியாக ஊற்றிவிட்டு மூன்று நாள் வாளாவிருப்பர். எஞ்சிய பாசி மீளப் பெருகும். ஒருமுறை பெருந்தொகையாய் இடுதலன்று, இட்ட அளவைத் தளராது காத்தலே வெற்றி தருவது. மூன்றாம் நாளிலே பச்சை மறைந்து, நீர் சாம்பல் நிறமாயிற்று.

வடித்தலின் கணக்கு

பாசி இறந்தது, ஆயினும் அதன் உடல் நீரிலே நின்றது. அதனை அகற்றுதல் குளோரீனின் தொழிலன்று, வடியின் தொழில். மின்கட்டணத்தை எண்ணி நண்பர் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமே பம்பியை ஓட்டி வந்தார். அப்பம்பி மணிக்கு 12 கனமீற்றர் நீரை இறைக்கும். 48 கனமீற்றரை இறைக்க 4 மணித்தியாலம். ஆயின் 4 மணித்தியாலத்தில் நீர் முழுதும் வடிபட்டுவிடும் என்று கொள்ளுதல் பிழை. வடிபட்ட நீர் வடிபடாத நீரோடு கலப்பதனால், முதற் சுற்றில் ஏறக்குறைய 63 வீதமே வடியினூடு செல்லும். இரண்டு சுற்றில் 86 வீதம், மூன்றில் 95, நான்கில் 98. இரண்டு மணித்தியாலத்திலோ 39 வீதமே. உயர்வகுப்பு மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பாராக. யாம் பம்பியை இரவு பகலாக ஓடவிட்டோம்.

மணல் வடி ஏறத்தாழ 20 முதல் 40 மைக்கிரோமீற்றர் அளவான துகள்களைப் பிடிக்கும். தனித்த அல்காக் கலம் அதனினும் சிறியதாகையால் மணலினூடே நழுவிச் செல்லும். வடியிலே ஓரளவு அழுக்குச் சேர்ந்தபின் மணலின் இடைவெளி குறுகி, நுண்டுகளும் அகப்படும். ஆகவே அடிக்கடி வடியைக் கழுவுதலும் குற்றமே. அமுக்கமானி, தூய நிலையிற் காட்டிய அளவினும் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இறாத்தல் வரை உயர்ந்தபின் பின்னோட்டத்தாற் கழுவுதல் போதும்.

எமது முன்னோர் கையாண்ட தேற்றாங்கொட்டை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. கலங்கிய நீருள்ள குடத்தின் உட்புறத்திலே அக்கொட்டையைத் தேய்த்தால் நீர் தெளியும். கலித்தொகையிலே இச்செயல் உவமையாக வந்துள்ளது. நீரில் மிதக்கும் நுண்டுகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையன. ஒத்த ஏற்றம் ஒன்றையொன்று தள்ளுமாகையால் அவை கூடாது, வீழாது, நின்றுகொண்டேயிருக்கும். கொட்டையிலுள்ள பெருமூலக்கூறுகள் அத்துகள்களைப் பிணித்துத் திரளச் செய்ய, திரள் பாரத்தால் அடியில் வீழும். படிகாரத்தின் அலுமினியமும் அவ்வேற்றத்தை நடுநிலையாக்கி அத்தொழிலையே செய்கின்றது. நண்பர் முன்னர் இட்ட படிகாரம் பயன்படாமைக்குக் காரணம் மருந்தின் குற்றமன்று. ஒரு புறம் துகளைத் திரட்ட, மறுபுறம் உயிருள்ள பாசி அதனினும் விரைவாகப் பெருகிற்று. நீரின் காரமும் படிகாரத்துக்கு ஏற்றதாயில்லை. கொல்லுமுன் திரட்டுதல் வரிசை பிறழ்ந்த செயல்.

ஐந்தாம் நாளிரவு, பாசி இறந்தமை உறுதியானபின், உறையிற் குறித்த அளவு படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, சிறிது நேரஞ் சுழலவிட்டுப் பம்பியை நிறுத்தினோம். விடியற்காலையில் தரையிலே பஞ்சுபோல் ஒரு படிவு கிடந்தது. அதனை வடியினூடு செலுத்தாது, உறிஞ்சு குழாயால் மெல்ல வெளியே இறைத்தோம். வடியினூடு செலுத்தின் மணல் அடைபட்டுப்போம். வெளியேறிய நீரையும் கிணற்றருகே விடவில்லை. சுண்ணக்கல் நிலத்தின் வெடிப்புக்கள் வழியே நிலத்திற் சிந்தியது விரைவில் அயலார் கிணற்றைச் சேரும். தன் தடாகத்தைத் தூய்மையாக்கப் பிறர் கிணற்றைக் கெடுத்தல் அறமன்று. தொட்டியொன்றிலே தேக்கி, வெயிலிற் குளோரீன் நீங்கியபின், கிணற்றுக்குச் சேய்மையிலுள்ள வெறுநிலத்திற் பரப்பிவிட்டோம்.

தெளிந்தமைக்குச் சான்று

நீர் தெளிந்ததா என்பதைத் துணிதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். அந்தியில் அளந்த குளோரீன், சூரியன் எழுமுன் மீள அளக்குமிடத்து, இலீற்றருக்கு ஒரு மில்லிகிராமினும் குறைவாகவே தேய்ந்திருத்தல் ஒன்று. இரவில் வெயில் இல்லையாகையால், தேய்வு மிகுமாயின் உண்பதற்கு உயிர் ஒன்று உள்ளே உண்டென்பது பொருள். வியர்வை, சிறுநீர் என்பவற்றோடு கூடிப் பிறந்த குளோரமீன் இலீற்றருக்கு அரை மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் மற்றொன்று. தடாகத்துக்குரியதென எண்ணப்படும் அக்காரமான நாற்றம் குளோரமீனின் நாற்றமே. நாற்றம் மிகுதல், பயன்படத்தக்க குளோரீன் குறைந்ததற்கு அறிகுறி. ஆழமான பகுதியின் அடிவாய்க் கண்ணறையைக் கரையில் நின்று தெளிவாகக் காணல் மூன்றாவது.

இம்மூன்றாவது சான்றை அழகுபற்றிய செய்தியென்று கொள்ளற்க. ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெற்சு மாநிலத்துப் போல் றிவர் என்னும் நகரில், 2011 யூன் 26 ஆம் நாளன்று, பொதுத் தடாகமொன்றிலே பெண்ணொருவர் நீரில் மூழ்கினார். நீர் கலங்கியிருந்தமையால் அவரை எவருங் கண்டிலர். தடாகம் மூடப்படவில்லை, மக்கள் நீராடிக்கொண்டேயிருந்தனர், சோதனை செய்யும் அலுவலர் வந்துஞ் சென்றனர். இரண்டு நாள் கழிந்தபின்னரே, யூன் 28 இரவில், அவருடல் காணப்பட்டது. மூழ்குவோர் பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை, ஓசையின்றியே கீழிறங்குவர். காப்பவனுக்கு உள்ள கருவி கண் ஒன்றே. கலங்கிய நீர் அக்கண்ணை மறைத்துவிடுகின்றது. கரையோரத்தில் விளையாடும் பிள்ளை ஓரடி வழுக்கினும் போதும். யாம் நண்பருக்கு உடன்படாமைக்குக் காரணம் இதுவே.

தெளிவு ஒன்றே போதுமெனவும் கருதற்க. கண்ணாடிபோற் தெளிந்த நீரிலும் கிருமி இருத்தல் கூடும். கிரிப்தோசுப்போரிடியம் என்னும் நுண்ணுயிர் சாதாரண அளவான குளோரீனில், இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் உள்ளவிடத்து, பத்து நாளுக்கு மேலும் உயிர்த்திருக்கும். ஆகவே வயிற்றோட்டமுற்றோர் தடாகத்தில் இறங்காதிருத்தல் பிறருக்குச் செய்யும் பேருதவி. நிலைப்படுத்தியுள்ள நீரிலே குளோரீனை இலீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பீ.எச். பெறுமானத்தை 7.2 இற்கும் 7.8 இற்கும் இடையிலும் நாடோறுங் காத்தல் வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் அளத்தற்குச் செலவிடுவோன், பத்து நாள் பாசியோடு போராட வேண்டியதில்லை.

எட்டாம் நாட் காலையில் யாம் அதே வெள்ளைத் தட்டை ஆழமான பகுதியில் இறக்கினோம். இரண்டு மீற்றர் ஆழத்திலே, தட்டின் விளிம்பிலிருந்த நீலக்கோடும் தெரிந்தது. குளோரீன் வழக்கமான அளவுக்குத் தணிந்தபின், பத்தாம் நாளிலே பிள்ளைகள் வந்து நீரில் இறங்கினர். கரையிலே நாற்காலியிட்டு அமர்ந்த நண்பர், அவர்கள் ஏறும்வரை கண்ணை எடுக்கவில்லை. முன்னர்ச் செலவிட்ட பணத்தில் மூன்றிலொரு பங்கும் இம்முறை செலவாகவில்லை என்று எம்மிடங் கூறினார். வாங்கிய பொருள்களுட் பெரும்பாலானவை அவர் வீட்டில் ஏற்கெனவே இருந்தவையே. இல்லாதிருந்தவை அளவும் வரிசையும் பொறுமையுமேயாம்.

இக்கல்லூரியின் பரிசோதனைச் சாலையிலே, கண்ணாடிக் குழாயில் ஒவ்வொரு துளியாக விட்டு நிறமாற்றத்துக்குக் காத்திருந்த நாள்களை எம்முடன் பயின்றோர் மறந்திரார். அவசரத்தால் ஒரு துளி மிகினும், "மீண்டுந் தொடங்குக" என்று கூறிய ஆசிரியரை அக்காலத்திற் கடிந்தோம். அத்துளியின் அருமை இன்று விளங்குகின்றது. இப்பொழுது அவ்விருக்கைகளில் இருக்கும் மாணவர், கற்பது தேர்வுக்கு மாத்திரமன்று என்பதை உணர்வாராக. முதலில் அறிக, பின்னர் அளக்க, அதன்பின்னரே இடுக.